எண்பது மீட்டர்

ஒரு கம்புக்கு எதற்கு இரண்டு பேர் என்று
கண் கிளினிக் மனேஜர் கேட்டார்.
கம்பு பிடிக்கிறவருக்குச் சரி,
கீழே குழாயோடு நிற்கிற பிள்ளைக்கு
அரைச் சம்பளம் காணாதா?

சஃப்ராஸ் என்னைப் பார்த்தான்.
நான் குழாயைப் பார்த்தேன்.

மஞ்சள் குழாய். எண்பது மீட்டர்.
உள்வாய் எட்டு மில்லிமீட்டர்.
அதற்கு மேலே போனால், தண்ணீர் நிறைந்ததும்
மலைப்பாம்பை இழுக்கிற வேலை.
குறைந்தால், மூன்றாம் மாடி யன்னலுக்கு ஏறுமுன்
தண்ணீருக்கே மூச்சு வாங்கும்.
கம்போடு போகிற கடைசித் துண்டு மட்டும் இன்னும் மெலிசு.
அதைக் கம்புக்குள்ளே விடுவதா வெளியே விடுவதா என்று
ஒரு மாதம் சண்டை பிடித்தோம்.
உள்ளே விட்டால் வடிவு, ஆனால்
கம்பை நினைத்தபடி நீட்டி மடக்க ஏலாது.
வெளியே விட்டால்
ஏ.சி. பெட்டி ஒவ்வொன்றும் கையைப் பிடித்து இழுக்கும்.
இழுத்தால் எடுத்துவிட நான் நிற்கிறேன்தானே என்றேன்.
அதோடு சண்டை முடிந்தது.

ஓட்டோவின் பின்சீற்றைக் கழற்றிய இடத்தில் தாங்கி,
பற்றரிப் பம்பு, வடிகட்டி உருளை.
மீட்டர் பூச்சியம் காட்டும்வரை
ஒரு சொட்டையும் குழாய்க்குள் விடமாட்டேன்.
நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறேன் ஒருநாள்:
ஒன்றையும் சொல்லாத தண்ணீர்.
துடைக்கத் தேவையில்லை,
காய்ந்த பிறகு கண்ணாடியில்
வந்து போனதற்கு ஒரு பொட்டும் இராது.

எங்கள் கடலோ அப்படியில்லை.
வாடை கொண்டுவந்து அப்பிய உப்பில்
கச்சான் புழுதியைச் சேர்த்துச் சுட்டெடுக்கும்.
டச்சு பே பக்கத்து யன்னல் எல்லாம்
புரை விழுந்த கண்.

சஃப்ராஸ் டோஹாவில்
முப்பதாம் மாடியில் கயிற்றில் தொங்கினவன்.
இப்போது கால் நிலத்தில் இருப்பதையே
பாதிச் சம்பளம் என்பான்.
ஆனால் கண் அங்கேதான், மேலே.
மேலே பார்க்கிறவனுக்கு நிலம் தெரியாது.
கேற்று சாத்தாமல் அரைச் செங்கல்,
மதில் மூலையில் குழாய் நெரியாமல்
பிளந்து கவிழ்த்த செவ்விளநீர்,
எட்டுப் போல விரித்த சுருள்,
கறுத்த ஓட்டோக்காரருக்கு ஒரு கும்பிடு.
ஒரு இழுவை என்றால் தளர்த்து.
இரண்டு என்றால் நிற்பாட்டு.

பத்தரை மணிக்கு நின்றது,
யாரும் இழுக்காமலே.
"துவாரகா! தண்ணி!"
பம்பு ஓட்டோவுக்குள் முனகியது.

குழாயைக் கையால் தடவிக்கொண்டே நடந்தேன்.
செங்கல் இருந்தது. கேற்று திறந்திருந்தது.
மதிலைத் திரும்பினேன்:
இளநீர் ஒருபக்கம் உருண்டு கிடக்க,
நெரிந்த குழாயில் முன்காலை ஊன்றி
ஒரு பெட்டை மான்.
பஸ் நிலையத்துப் பழத்தோல் தின்று வளர்ந்தது,
ஆளுக்கு அசையாது.

கடித்துவிட்டதென்றால் ஒட்டுப்போட ரியூப் துண்டு இல்லை.
கையை ஓங்கினேன்.
அது கடிக்கவில்லை.
நக்கிக்கொண்டிருந்தது.

காலையில் கடற்கரை ஓரமாக இழுத்த குழாய்.
மேலெல்லாம் உப்பு.
உள்ளே, ஒரு விரல் தடிப்புக்கும் குறைவான தூரத்தில்,
ஒன்றுமேயில்லாத தண்ணீர்
குளம்புக்குக் கீழே காத்து நிற்க,
கண்ணை மூடி மூடி அது நக்கியது.

"துவாரகா!"

ஓங்கிய கை எப்போது இறங்கியதென்று தெரியாது.
இன்னும் கொஞ்சம் நின்றேன்.
பிறகு நாக்கைச் சொடுக்கினேன்.
அது காலை எடுத்து, என்னை ஒருதரம் பார்த்து,
மனேஜரின் காருக்குப் பின்னால் போனது.

என்ன நடந்தது என்றான்.
நெரிஞ்சு கிடந்தது என்றேன்.

நாலு மணிக்கு பில் எழுதினேன்.
கம்பு: ஒருவர். குழாய்: ஒருவர்.
இரண்டுக்கும் ஒரே தொகை.
மனேஜர் நெடுநேரம் வாசித்தார்.
கையெழுத்தை நாளைக்குப் போடுகிறாராம்.

சுருட்டும்போது ஈரத்துணியால்
துடைத்துக்கொண்டே வருவது வழக்கம்.
துணி கறுத்துக்கொண்டே வந்தது.
மதில் மூலைக்குக் கிட்ட, ஒரு முழம் அளவில் மட்டும்,
ஒன்றும் வரவில்லை.